காய்ச்சலுக்குப் பேர் கேட்டா கோபம் வருது

எங்க குருபரப்பள்ளியில ஒரே வியாதிக்கு குறைஞ்சது நாலு பேர் உண்டு. தமிழ் வீட்டுல ஜுரம். தெலுங்கு வீட்டுல ஜ்வரம். கன்னடக்காரங்களுக்கு ஜ்வரா. சிப்காட் வந்தப்புறம் புதுசா சேர்ந்தது இந்தி 'புகார்'. போன வருஷம் ஒரு கிளினிக் வாசல்ல வடநாட்டுப் பையன் ஒருத்தன் "புகார் ஹை, புகார் ஹை"ன்னு முனக, டோக்கன் போடுற அக்கா ரொம்ப அக்கறையா "யார் மேலப்பா புகார்?"னு கேட்டாங்க. பெஞ்சுல உட்கார்ந்திருந்த எல்லாரும் சிரிச்சோம். யோசிச்சுப் பார்த்தா, அன்னிக்கு அந்தப் பையன்கிட்ட யாராவது கேட்ட ஒரே கேள்வி அதுதான். உள்ள போனான், ரெண்டு நிமிஷத்துல இடுப்பைத் தேய்ச்சுக்கிட்டே வெளிய வந்தான். ஊசி போட்டாச்சு. அடுத்த டோக்கன்!

நாலு மொழியில பேர் இருக்கு, சரி. ஆனா அது *என்ன* ஜுரம்? டெங்குவா, மலேரியாவா, டைபாய்டா, எலிக்காய்ச்சலா, உண்ணிக்காய்ச்சலா, இல்ல சும்மா வந்துட்டுப் போற வைரலா? அந்தப் பேரைக் கேட்டாத்தான் எல்லாருக்கும் கோபம் வருது. டாக்டருக்கு வருது, லேப்காரருக்கு வருது, ஏன், நோயாளிக்கே வருது. "அட, ஜுரம்னா ஜுரம்தான் சார், ஊசி போட்டா நின்னுடும்." இதைப் பத்திதான் இன்னிக்குப் புலம்பல். கொஞ்சம் நீளம், பொறுத்துக்குங்க.

முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். நான் டாக்டர் இல்லை. ஒரு கம்பெனியில ஸ்டோர்ஸ் பார்க்கிறவன். என் பொழப்பே லேபிள் ஒட்டுறதுதான். லாரியில வர்ற பெட்டிக்குள்ள என்ன இருக்கு, எந்தத் தேதி வந்தது, எங்கிருந்து வந்தது, இந்த மூணும் எழுதாம ஒரு நட்டு போல்ட்டுகூட உள்ள போகாது. மனுஷன் உடம்புக்குள்ள மட்டும் லேபிளே இல்லாம எது வேணா போகலாம்னா எனக்கு உறுத்தத்தானே செய்யும்?

இங்க நடைமுறை எப்படின்னு வெளியூர் நண்பர்களுக்குச் சொல்லணும். பெங்களூர் ஹைவேயில கிருஷ்ணகிரிக்கும் சூளகிரிக்கும் நடுவுல எங்க ஊர். ஒரு காலத்துல மாந்தோப்பும் கேழ்வரகும்தான். இப்ப சிப்காட், அதைச் சுத்தி லைன் வீடு, ரூமுக்கு ஆறு பேர். ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், அஸ்ஸாம்னு பாதி இந்தியா இங்க இருக்கு. பெரும்பாலும் கான்ட்ராக்ட். ஒரு நாள் வரலைன்னா ஒரு நாள் சம்பளம் போச்சு, மூணு நாள் வரலைன்னா அந்த இடத்துல வேற ஆள். இப்படி இருக்கிறவனுக்கு ஜுரம் வந்தா அவன் டாக்டர்கிட்ட கேட்கிறது ஒண்ணே ஒண்ணுதான்: நாளைக்கு காலையில ஷிப்டுக்கு நான் நிக்கணும். அதுக்கு என்ன செய்யணுமோ அதை டாக்டர் செய்யறார். வலிக்கு ஒரு ஊசி, பல இடத்துல கூடவே கொஞ்சம் டெக்ஸா, ஒரு ஆன்டிபயாடிக், ஒரு சத்து மாத்திரை. ராத்திரி வேர்த்துக் கொட்டி ஜுரம் இறங்கும். காலையில ஷிப்டு. மறுநாள் சாயங்காலம் திரும்ப ஏறும். அப்ப இன்னொரு ஊசி.

இதுல டாக்டரை மட்டும் திட்ட எனக்கு மனசு வரலை. சாயங்காலம் ஆறுலேருந்து ஒம்பதுக்குள்ள எண்பது பேரைப் பார்க்கிற மனுஷன் அவர். ஊசி போடலைன்னா "அந்த டாக்டர் கைராசி இல்ல"ன்னு பக்கத்துத் தெருவுக்குப் போயிடறாங்க. கேட்கிறதைக் கொடுக்கிறார். மளிகைக்கடை மாதிரிதான்.

மூணாவது தடவை போனாத்தான் லேப் சீட்டு வரும். அதுல கண்டிப்பா இருக்கிறது விடால். இந்த விடாலைப் பத்தி தனியா ஒரு புராணமே எழுதலாம். ஃபெர்னாண்ட் விடால்ங்கிற பிரெஞ்சுக்காரர் 1896ல கொண்டு வந்த பரிசோதனை. நூத்தி முப்பது வருஷப் பழசு. ரத்தத்துல டைபாய்டு கிருமிக்கு எதிரான பொருள் இருக்கான்னு பார்க்கிறது. இதுல சிக்கல் என்னன்னா, டைபாய்டு சகஜமா இருக்கிற நம்ம மாதிரி ஊர்ல, எப்பவோ வந்து போனவனுக்கும் அது கொஞ்சம் இருக்கும். தடுப்பூசி போட்டவனுக்கும் இருக்கும். வேற ஏதோ ஜுரம் வந்தாலும் சில சமயம் ஏறிக் காட்டும். ஒரே ஒரு தடவை எடுத்த விடாலை வெச்சு முடிவு பண்றது ரொம்ப ரிஸ்க்குன்னு மருத்துவப் பாடமே சொல்லுது. டைபாய்டைப் பிடிக்க நம்பகமானது ரத்தத்தை கல்ச்சர் வைக்கிறது. அதையும் ஆன்டிபயாடிக் போடறதுக்கு முன்னாடியே எடுக்கணும், முடிவு வர ரெண்டு மூணு நாள் ஆகும். எங்க ஊர்ல ஆன்டிபயாடிக் போட்டு, அது கேட்காம, அப்புறம்தானே லேப்புக்கே போறோம்! அதனால விடால்ல 'பாசிட்டிவ்'னு ஒரு வரி வந்ததும் எல்லாருக்கும் நிம்மதி. ஒரு பேர் கிடைச்சுடுச்சுல்ல? டைபாய்டு. இட்லி, கஞ்சி மட்டும் சாப்பிடு, காரம் வேண்டாம், ஏழு நாள் ஊசி. எங்க தெருவுல வருஷத்துக்கு ரெண்டு தடவை 'டைபாய்டு' வர்றவங்க இருக்காங்க. அத்தனையும் டைபாய்டுதானா? சந்தேகந்தான்.

பேர் இல்லாததைவிட தப்பான பேர் மோசம். பேர் இல்லைன்னா தேடிக்கிட்டாவது இருப்போம், தப்பான பேர் கிடைச்சா தேடறதை நிறுத்திடறோம். எங்க பின்கட்டு லைன் வீட்டுல இருக்கிற ஒடிசாப் பையனுக்கு நடந்தது அதுதான்.

வயசு இருபத்திரெண்டு இருக்கும். ஐப்பசி மழை விட்ட சமயம். முதல் நாள் ஜுரம், ஊசி, மறுநாள் வேலை. மூணாம் நாள் வேற கிளினிக், வேற ஊசி. அஞ்சாம் நாள் விடால். பாசிட்டிவ். டைபாய்டுன்னு சொல்லி தினம் செஃப்ட்ரியாக்சோன் ஊசி. நல்ல மருந்துதான், விலையும் கூடத்தான். நாலு ஊசி போயும் ஜுரம் துளி இறங்கலை. எட்டாம் நாள் காலையில அவன் ரூம்மேட் ஓடி வந்து "அண்ணா, பேச்சு ஒரு மாதிரி இருக்கு"ன்னான். போய்ப் பார்த்தா கண்ணு மஞ்சள், மூச்சு வாங்குது, கேட்டதுக்கு சம்பந்தமில்லாம ஒடியாவுல ஏதோ சொல்றான். 108க்குப் போன் பண்ணி அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம்.

அங்க டூட்டியில இருந்தது சின்னப் பொண்ணு, படிச்சு முடிச்சு ரெண்டு வருஷம்கூட ஆகியிருக்காது. ஃபைலைப் பிரிக்கிறதுக்கு முன்னாடி என்னைப் பார்த்து "இவர் என்ன வேலை பார்க்கிறார்?"னு கேட்டுது. காம்பவுண்டுச் சுவர் கட்டறதுக்காக புதர் வெட்டற வேலைன்னேன். "எப்பலேர்ந்து?" பத்துப் பதினைஞ்சு நாளா இருக்கும்னேன். அவ்வளவுதான், திரையை இழுத்துவிட்டு பையன் சட்டையைக் கழட்டி அக்குள், கழுத்து, காது பின்னாடி எல்லாம் பார்த்துது. கடைசியில பேன்ட் பட்டை இறுகற இடத்துல, இடுப்புல, சிகரெட்டால சுட்ட மாதிரி ஒரு கறுப்புப் புண்ணு. வட்டமா, காஞ்சு போய். வலியே இல்லையாம், அவனுக்கே தெரியாது. மூணு டாக்டர் ஏழு ஊசி போட்ட இடத்துலேர்ந்து ஒரு சாண் தூரத்துல இருந்திருக்கு அது!

ஸ்கிரப் டைபஸ். தமிழ்ப் பேப்பர்ல உண்ணிக்காய்ச்சல்னு எழுதறாங்க. (எங்க பக்கம் புதர்னாலே உண்ணிச்செடிதான். ரெண்டுக்கும் பேர்ல மட்டும்தான் ஒத்துமை, செடி பாவம்.) உண்ணின்னதும் மாட்டு மேல கொழுத்துத் தொங்குமே, அதை நினைச்சுக்காதீங்க. இது எலி மேலயும் புதர்லயும் வாழற ஒரு நுண்ணிய பூச்சியோட குஞ்சு. ஒரு மில்லிமீட்டர்ல அஞ்சுல ஒரு பங்குதான் இருக்கும். கடிச்சா தெரியாது. கடிச்சு ஆறு நாள்லேர்ந்து மூணு வாரத்துக்குள்ள ஜுரம். தலைவலி, உடம்பு வலி, சிலருக்கு இருமல், வாந்தி. பார்க்க மத்த எல்லா ஜுரம் மாதிரியேதான் இருக்கும். பிளேட்லெட்டும் குறையும். பிளேட்லெட் குறைஞ்சா டெங்குதான்னு நாம முடிவு கட்டியிருக்கோமே, அங்கயும் இது ஏமாத்தும். விட்டுட்டா நுரையீரல், கிட்னி, கல்லீரல், மூளைன்னு ஒவ்வொண்ணா இழுக்கும். சிகிச்சையே இல்லாம விட்டா நூத்துக்கு ஆறு பேர் வரைக்கும் போயிடறாங்கன்னு பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்துச் சொல்லியிருக்காங்க. இடத்துக்கு இடம் இந்தக் கணக்கு ரொம்ப மாறும்.

இதுக்கு மருந்து என்ன தெரியுமா? டாக்ஸிசைக்ளின். மெடிக்கல்ல சில ரூபாய்க்குக் கிடைக்கிற மாத்திரை. நேரத்தோட கொடுத்தா பெரும்பாலும் ரெண்டு நாள்ல ஜுரம் இறங்கிடும். ஆனா பெனிசிலின் வகையறாவும், அந்த விலை கூடின செஃப்ட்ரியாக்சோனும் இதுகிட்ட வேலைக்கே ஆகாது. கிருமி நம்ம செல்லுக்குள்ளயே குடியிருக்கிற ஜாதி. பையனுக்கு டைபாய்டுன்னு போட்ட நாலு ஊசியும் பச்சைத் தண்ணிக்குச் சமம். சரியான மருந்து ஆரம்பிச்ச மூணாம் நாள் "அண்ணா, சாவல் மிலேகா?"ன்னு கேட்டான். சோறு கேட்டா பொழைச்சான்னு அர்த்தம். பதினாறு நாள் சம்பளம் போச்சு. இஎஸ்ஐ கார்டு இருந்திருந்தா, விதிப்படி பணம் கட்டின நாள் போதுமான அளவு இருந்தா, லீவுல இருந்த நாளுக்கு 70 சதவீதச் சம்பளம் கிடைச்சிருக்கும். அதுக்கு இஎஸ்ஐ டாக்டர் சீட்டு வேணும். அவன்கிட்ட இருந்ததெல்லாம் மூணு கிளினிக் சீட்டு. ஒண்ணுலயும் வியாதி பேர் எழுதலை, மருந்து பேர் மட்டும்தான்.

இது ஏதோ அபூர்வமான காட்டு வியாதின்னு நினைக்காதீங்க. 2025 தொடக்கத்துல தமிழ்நாடு பொது சுகாதாரத் துறையே ஸ்கிரப் டைபஸ் கூடுதுன்னு எல்லா மாவட்டத்துக்கும் எச்சரிக்கை அனுப்பிச்சுது. நம்ம வேலூர் சிஎம்சி டாக்டர்கள் முன்னின்னு நடத்தின பெரிய ஆய்வு ஒண்ணு 2023ல அமெரிக்காவோட நியூ இங்கிலாந்து மருத்துவ இதழ்ல வந்தது. நோய் முத்திப்போன ஏறக்குறைய 800 பேர். டாக்ஸிசைக்ளின் மட்டும், அஸித்ரோமைசின் மட்டும், ரெண்டும் சேர்த்துன்னு மூணு பிரிவா கொடுத்துப் பார்த்தாங்க. சாவு, ஏழாம் நாளும் தீராத சிக்கல், அஞ்சாம் நாளும் விடாத ஜுரம், இதுல ஏதாவது ஒண்ணு நடந்தது தனித்தனியா கொடுத்தவங்கள்ல கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு. ரெண்டையும் சேர்த்துக் கொடுத்தவங்கள்ல மூணுல ஒருத்தருக்கு. உலகம் பூரா இப்ப முத்தின ஸ்கிரப் டைபஸ்னா இந்த ஆய்வைத்தான் காட்டறாங்க. எங்க ஊர்லேர்ந்து பஸ் ஏறினா மத்தியானச் சாப்பாட்டுக்குப் போய்ச் சேர்ற ஊர் வேலூர்.

அதைவிடப் பக்கத்துல என்ன இருக்குன்னு பாருங்க. ஓசூர்ல, பூச்சியாலயும் விலங்காலயும் பரவுற நோய்களுக்குன்னே பொது சுகாதாரத் துறை ஒரு நிறுவனம் வெச்சிருக்கு. ஏன் சென்னையில இல்லாம ஓசூர்ல? அதுக்குப் பின்னாடி பிளேக் கதை இருக்கு. தமிழ்நாடு, கர்நாடகா, ஆந்திரா மூணும் முட்டிக்கிற இந்த மூலை, காட்டு எலிகளுக்குள்ள பிளேக் கிருமி ஒளிஞ்சிருந்த இடம்னு பேர் வாங்கினது. 1994ல சூரத்துல பிளேக்னு நாடே அலறிச்சே, அதுக்கு முன்னாடி இந்தியாவுல லேப்ல உறுதியான கடைசி பிளேக் நோயாளி 1966ல கோலார் மாவட்டம் முள்பாகல்ல. இங்கேர்ந்து எட்டிப் பார்க்கிற தூரம். அதுக்கப்புறமும் இந்தப் பக்கத்து எலியைப் பிடிச்சு, தெள்ளுப்பூச்சியை எண்ணி, நாயோட ரத்தத்தை எடுத்து கிருமியோட தடயம் இருக்கான்னு வருஷக்கணக்கா பார்த்திருக்காங்க. எனக்கு இதைப் படிச்சப்ப சிரிப்பும் வந்துச்சு, வயித்தெரிச்சலும் வந்துச்சு. எங்க ஊர்ப்பக்கத்து எலிக்கு இருந்த விசாரணைகூட லைன் வீட்டு மனுஷனுக்கு இல்லையே!

ஆஸ்பத்திரி இல்லாத ஊரும் இல்ல இது. 2022 ஜனவரி 12ல திறந்த பதினோரு அரசு மருத்துவக் கல்லூரியில ஒண்ணு கிருஷ்ணகிரிக்கு வந்தது, அதுவும் எங்க பக்கத்துலயே, போலுப்பள்ளியில. 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021 ஆகஸ்ட் 5ல ஆரம்பிச்சதும் இதே மாவட்டத்து சாமனப்பள்ளியிலதான். சுகர் மாத்திரை, பிரஷர் மாத்திரை வீடு தேடி வருது, எங்க ஆயாவுக்கு வருது, நல்ல விஷயம். ஆனா நாட்பட்ட வியாதி வருஷக்கணக்கா வீட்டுலயே உட்கார்ந்திருக்கும், தேடி வந்தா ஆள் கிடைப்பார். ஜுரம் அப்படி இல்லை. அது வர்ற நேரம் ராத்திரி எட்டு மணி, ஷிப்டு முடிஞ்சு. அப்ப திறந்திருக்கிறது எதுவோ அங்கதான் போவாங்க. அதனால அரசாங்கம் எவ்வளவு நல்ல லேப் கட்டினாலும், முதல் அஞ்சு நாள் ஜுரம் முழுக்க தெருமுனை கிளினிக் கையிலயும் மெடிக்கல் ஷாப் கையிலயும்தான். அங்க கேள்வி கேட்கப் பழகணும், அதுதான் என் கட்சி.

"டெஸ்ட்டுக்கெல்லாம் காசு யார் கொடுப்பா?"ன்னு கேட்பீங்க. நான் இன்னும் டெஸ்ட்டுக்கே வரலை சார். பைசா செலவில்லாத மூணு கேள்வியைத்தான் சொல்றேன். ஜுரம் எந்தத் தேதி ஆரம்பிச்சது? என்ன வேலை பார்க்கிறே, எங்க படுக்கிறே? கடைசியா எந்த ஊர்லேர்ந்து எப்ப வந்தே?

தேதி ஏன் முக்கியம்னா, எந்த டெஸ்ட் எப்ப எடுக்கணும்ங்கிறதே அதை வெச்சுத்தான். டெங்குவுக்கு என்எஸ்1 முதல் அஞ்சு நாள்ல எடுக்கிறது. ஐஜிஎம் அதுக்கப்புறம்தான் தெரியும். ஸ்கிரப் டைபஸ் எலைசாவும் முதல் சில நாள்ல எடுத்தா 'இல்லை'ன்னு பொய் சொல்லும். ரெண்டாம் நாள் எடுத்த ஐஜிஎம் நெகட்டிவ் சீட்டைச் சட்டைப் பையில வெச்சுக்கிட்டு "எனக்கு டெங்கு இல்லை"ன்னு சுத்தினவங்களைப் பார்த்திருக்கேன். அதைவிட முக்கியம், டெங்குல ஆபத்தான கட்டமே ஜுரம் இறங்கற நேரம்தான், மூணாம் நாள்லேர்ந்து ஏழாம் நாளுக்குள்ள. ஜுரம் விட்டுடுச்சுன்னு ஷிப்டுக்குப் போவான், வயித்து வலி, வாந்தி, தலைசுத்தல்னு அங்க விழுவான். முதல் நாளே போட்ட வலி ஊசி டைக்ளோஃபினாக்கா இருந்தா ரத்தக்கசிவுக்கு அதுவும் ஒரு கை கொடுக்கும். டெங்கு சந்தேகம் இருக்கிற வரைக்கும் பாராசிட்டமால்தான்னு எல்லா வழிகாட்டியிலயும் இருக்கு. தேதி கேட்காதவர் இதையெல்லாம் எப்படி யோசிப்பார்?

ஊர் எதுன்னு ஏன் கேட்கணும்? இதைக் கேட்டா சிலர் "வடக்கத்தி ஆளுங்கதான் வியாதி கொண்டு வர்றாங்கன்னு சொல்றியா"ன்னு சண்டைக்கு வருவாங்க. இன்னும் சிலர் "ஆமா, அவனுங்களாலதான்"னு சந்தோஷமா தலையாட்டுவாங்க. ரெண்டு பேருக்கும் ஒரு கும்பிடு. நான் சொல்றது அவனுக்காகத்தான். ஒடிசா, ஜார்க்கண்ட் மலைப்பக்கம் மூளையைத் தாக்குற வகை மலேரியா, ஃபால்சிபேரம், இருக்கு. பொங்கலுக்கோ சத் பூஜைக்கோ ஊருக்குப் போய் வந்து பத்து நாள்ல ஜுரம்னா முதல்ல பார்க்க வேண்டியது அது. ஒரு சொட்டு ரத்தம், இருபது நிமிஷம், ஆரம்ப சுகாதார நிலையத்துல இலவசம். தாமதமானா உயிர். இன்னொரு வகை வைவாக்ஸ், கல்லீரல்ல பதுங்கி மாசக்கணக்கு கழிச்சு திரும்ப எழும். அதை வேரோட எடுக்க 14 நாள் பிரைமாகுவின் சாப்பிடணும், அதுக்கு முன்னாடி ரத்தத்துல ஒரு சோதனையும் பார்த்துக்கணும். மூணாம் நாள் ஜுரம் விட்டதும் மாத்திரையை நிறுத்திட்டா அடுத்த மழைக்கு திரும்ப வரும். எந்த ஊர்னு கேட்காதவர்கிட்ட இது 'திரும்ப டைபாய்டு' ஆயிடும்.

எந்த ஊர்னு கேட்கிறது ஆளை ஒதுக்கறதுக்கு இல்லைன்னு நான் இவ்வளவு அழுத்தறதுக்குக் காரணம் இருக்கு. 2020ல அதைத்தான் பண்ணினோம். அந்த வருஷம் மே 1ல மத்திய அரசு போட்ட கலர் பட்டியல்ல தமிழ்நாட்டுல ஒரே பச்சை மாவட்டம் எங்க கிருஷ்ணகிரி. என்ன பெருமை! ஜூஜூவாடி செக்போஸ்ட்ல இ-பாஸ் இல்லாம ஈ எறும்பு நுழைய முடியாது. சில நாள்ல பச்சை போயிடுச்சு, அப்புறம் எல்லா ஊர் மாதிரி நாங்களும். அத்திப்பள்ளிப் பக்கம் இருக்கிற கிருமிக்கு ஜூஜூவாடியில மாநிலம் மாறுதுன்னு தெரியாது. ஆனா சீட்டுக்குத் தெரியும். ஓசூர்ல குடியிருந்து பொம்மசந்திராவுல வேலை பார்க்கிறவனுக்கு பெங்களூர் லேப்ல டெங்குன்னு வந்தா, அவன் தெருவுக்கு கொசு மருந்து அடிக்கணும்ங்கிற தகவல் எங்க மாவட்டத்துக்கு எத்தனை நாள்ல வருது? அந்த வாரமே வந்தாத்தான் பிரயோசனம்.

பெங்களூர்னதும் இன்னொண்ணு ஞாபகம் வருது. அங்க தேசிய காசநோய் நிறுவனம் 1959ல ஆரம்பிச்சது. அங்க இருந்த பானர்ஜியும் ஆண்டர்சனும் தும்கூர் மாவட்டத்துக் கிராமங்கள்ல காசநோய் இருந்தவங்களைத் தேடிப்போய், "இருமல் வந்தப்ப நீங்க என்ன பண்ணினீங்க?"ன்னு விசாரிச்சாங்க. 1963ல கட்டுரை வந்தது. அதுவரைக்கும் பெரிய ஆளுங்க எல்லாம் கிராமத்து ஜனங்களுக்கு அறியாமை, வியாதி வந்தாலும் ஆஸ்பத்திரிக்கு வரமாட்டாங்கன்னுதான் பேசிக்கிட்டிருந்தாங்க. விசாரிச்சா, பாதிக்கு மேல ஜனம் ஏற்கனவே ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாங்க. போனவங்களுக்கு ஒரு பாட்டில் இருமல் மருந்து கொடுத்து அனுப்பியிருக்காங்க. சளியை யாரும் பார்க்கலை. அறுபது வருஷத்துக்கு மேல ஆச்சு. இருமல் பாட்டில் இடத்துல இப்ப ஊசி, அவ்வளவுதான் வித்தியாசம். அதனால "இந்த ஜனத்துக்கு விழிப்புணர்வு இல்லை சார்"னு யாராவது ஆரம்பிச்சா எனக்குப் பத்திக்கிட்டு வருது. முதல் நாளே டாக்டர்கிட்ட போன பையன் அவன். இதுக்கு மேல என்ன விழிப்புணர்வு வேணும்?

டெஸ்ட் பத்தி ஒண்ணே ஒண்ணு சொல்லிட்டு விட்டுடறேன். எல்லாருக்கும் எல்லா டெஸ்ட்டும் எடுன்னு நான் சொல்லலை. அது லேப்காரருக்குத்தான் தீபாவளி. மூணு கேள்விக்குப் பதில் வந்தா எது ரெண்டு டெஸ்ட் எடுக்கணும்னு தானா தெரியும். விடாலுக்குக் கொடுக்கிற காசை அதுக்குக் கொடுக்கலாம். அதையும் மீறி, புதர் வேலைக்காரனுக்கு அஞ்சு நாள் ஜுரம்னா ரிசல்ட் வர்ற வரைக்கும் காத்திருக்காம டாக்ஸிசைக்ளின் ஆரம்பிக்கச் சொல்லித்தான் வழிகாட்டிகளே சொல்லுது. ஒரு பேரைச் சந்தேகப்பட்டு, அதைச் சீட்டுல எழுதி, இத்தனை மணி நேரத்துல இறங்கலைன்னா வேற பேரைத் தேடணும்னு தெரிஞ்சு கொடுக்கிற மருந்து வேற. எல்லாத்துக்கும் சேர்த்து ஒரு ஊசிங்கிறது வேற.

இன்னொரு விஷயம், யாரும் பேசறதில்லை. அந்தக் கறுப்புப் புண்ணு வர்ற இடம் எல்லாம் துணி மறைக்கிற இடம். அக்குள், இடுப்பு, தொடை இடுக்கு, பொம்பளைங்களுக்கு மார்புக்குக் கீழ மடிப்பு. எங்க பக்கம் இப்ப எலக்ட்ரானிக்ஸ் கம்பெனிகள்ல ஆயிரக்கணக்குல பொண்ணுங்க வேலை பார்க்கிறாங்க, ஹாஸ்டல்ல தங்கி. பெஞ்சுல பத்து பேர் உட்கார்ந்திருக்க, பாதித் திரை போட்ட ரூம்ல, மொழி தெரியாத ஆம்பளை டாக்டர் முன்னாடி எந்தப் பொண்ணு அதைக் காட்டும்? அவரும்தான் எப்படிக் கேட்பார்? பையனுக்காவது சட்டையைக் கழட்டினாங்க. எங்க வீட்டம்மா இதைக் கேட்டுட்டு, "டாக்டர் எதுக்கு, குளிக்கிறப்ப தானே பார்த்துக்கலாமே, என்ன தேடணும்னு சொல்லிக் கொடுத்தா"ன்னாங்க. அட, சரிதானே! ஒரு படம் போதும். ஹாஸ்டல் பாத்ரூம் கதவுல ஒட்டினா தமிழ், ஒடியா, இந்தின்னு எழுதக்கூட வேண்டாம்.

நான் இப்ப பண்றது ரொம்பச் சின்ன வேலை. எங்க ஸ்டோர்ஸ்ல பழைய பின் கார்டு கட்டுக்கட்டா கிடக்கு, பின்பக்கம் வெள்ளை. அதுல மூணு வரி அச்சடிச்சு பின்கட்டு லைன் வீடு எல்லாத்துலயும் கொடுத்திருக்கேன். ஜுரம் ஆரம்பிச்ச தேதி. பார்க்கிற வேலை. ஊர்லேர்ந்து வந்த தேதி. கீழே இதுவரைக்கும் போட்ட ஊசி, மாத்திரை எழுத இடம். அட்டையை டாக்டர் மேசையில வை, வாயால எதுவும் சொல்ல வேண்டாம்னு சொல்லியிருக்கேன். மொழிப் பிரச்சினையும் தீர்ந்தது. இதுவரைக்கும் ஒம்பது பேர் கொண்டு போயிருக்காங்க. ரெண்டு டாக்டர் வாங்கிப் படிச்சாராம். ஒருத்தர் "யாருய்யா இதைக் கொடுத்தது?"ன்னு கத்தினாராம். ஒரு மெடிக்கல்காரர், இதுதான் ஆச்சரியம், எனக்கும் ஒரு கட்டு கொடுங்கன்னு ஆள் அனுப்பிச்சார். அடுத்த வாரம் இன்னொரு இருநூறு அடிக்கணும். ஒடியாவுல எழுதிக் கொடுக்க யாராவது தெரிஞ்சா சொல்லுங்கப்பா.

டிஸ்கி: இதைப் படிச்சுட்டு மெடிக்கல்ல போய் "டாக்ஸி ரெண்டு அட்டை கொடு"ன்னு வாங்கிப் போட்டுக்காதீங்க. கர்ப்பிணிகளுக்கு பொதுவா அஸித்ரோமைசின்தான் கொடுப்பாங்க, அளவும் நாளும் டாக்டர் சொல்றதுதான். பதிவெழுதற டாக்டர்கள் யாராவது இந்தப் பக்கம் வந்தா, தப்பு இருந்தா குட்டுங்க. விடாலை நான் ரொம்பவே திட்டிட்டேன்னு தோணினா மட்டும் கொஞ்சம் மெதுவா குட்டுங்க.